தவசிமுத்துவின் மஞ்சள் வெயில்

செத்துப்போன தவசிமுத்துவின் இடது கண்ணிலிருந்து டாக்டர் ஹபீபா பிரேதப் பரிசோதனைக்காக ஊசி போட்டு உறிஞ்சியெடுத்த தண்ணீர், அவன் உயிர் போன நேரத்து வெயிலைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொண்டு அணையாமல் இருந்தது என்கிற சேதி வெள்ளைத்தேரி முழுக்கப் பரவ அரை நாள்கூட ஆகவில்லை. பரவிய பிறகும் யாரும் வேலையைப் போட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை, ஏனென்றால் அது ஐப்பசி மாசம், கோடையெல்லாம் வாரிக் குவித்த உப்பை அடுத்த மழைக்குள் பனையோலை போட்டு மூடியாக வேண்டும், மழை யாருடைய அதிசயத்துக்காகவும் காத்திருப்பதில்லை.

மழை விட்ட சாயங்காலத்து மஞ்சள் வெயில் அது. சுண்டுவிரல் உயரக் கண்ணாடிக் குப்பியில் பாதிக்கும் கீழே நின்றது. பிணவறை மேசையில் வைத்தால் மேசை மஞ்சளானது, அலமாரிக்குள் பூட்டினால் அலமாரியின் இடுக்கெல்லாம் மஞ்சள் கோடு விழுந்தது. அந்த ஒரு குப்பிதான் உண்டு. மற்றவர்களுக்கு இரண்டு கண்ணிலும் எடுப்பார்கள்; தவசிமுத்துவின் வலது கண் வாலிப வயசிலேயே உப்பு வாரும் பலகையின் முனை குத்தி வற்றிப்போயிருந்தது. மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணால்தான் அவன் செல்லக்கனியைப் பெண் பார்த்தான். "ரெண்டு கண்ணாலயும் பாத்திருந்தா தாங்கியிருக்க மாட்டேன்" என்று கல்யாணமான நாளிலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி அவளை வெட்கப்படவைத்துக்கொண்டிருந்தான்.

அந்தச் செல்லக்கனிதான் அவனுக்கு மாத்திரையைக் கூடுதலாகக் கொடுத்துக் கொன்றுவிட்டாள் என்று போலீசில் எழுதிக் கொடுத்திருந்தான் அவனுடைய தம்பி லிங்கதுரை.

லிங்கதுரை கெட்டவன் இல்லை. அண்ணன் மேல் உயிரையே வைத்திருந்தவன், அதுதான் வினை. தவசிமுத்துவுக்கு இருதயம் பலவீனப்பட்டு வீட்டோடு படுத்திருந்த நாளில் தினமும் வந்து காலைப் பிடித்துவிட்டுப் போவான். மழை வாரத்தில் ஒரு நாள் காலையில் வந்தபோது மதினி மாத்திரை கொடுப்பதைப் பார்த்தான், மத்தியானம் கஞ்சி கொண்டுவந்தபோது மறுபடி கொடுப்பதையும் பார்த்தான். டாக்டர் அப்படிச் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டான். அண்ணன் செத்த அன்றைக்கு மருந்துக் கடைக்காரர் அந்த மாத்திரைப் பட்டையைப் பார்த்துவிட்டு, "இது ஒரு நாளைக்கு ஒண்ணுதாம்ப்பா, கூடினா நஞ்சுல்லா" என்று சொன்னதும் அவன் நேராக ஸ்டேஷனுக்குப் போனான். சட்டைப் பொத்தான்கூடப் போடாமல் போனான்.

செல்லக்கனி முதலில் சத்தியம் செய்தாள். "நான் ஒரு நேரந்தான் குடுத்தேன், ஒரு நேரந்தான்" என்று இன்ஸ்பெக்டர் முன்னால் தலையில் அடித்துக்கொண்டாள். அவளுக்கு அப்படித்தான் தெரியும். உப்பளத்து வீடுகளில் செய்து முடித்த காரியத்துக்கு அடையாளமாக ஒரு கல் உப்பை வைப்பது வழக்கம்: தண்ணீர் பிடித்தாயிற்றென்றால் குடத்து மூடியில் ஒரு கல், அடுப்பில் பருப்பு வேகிறதென்றால் வாசல்படியில் ஒரு கல், புருஷனுக்கு மாத்திரை கொடுத்தாயிற்றென்றால் மாத்திரை டப்பா மேல் ஒரு கல், விளக்கு வைக்கும்போது எடுத்துப் போட்டுவிடலாம். கல் இருந்தால் கொடுத்தாயிற்று, கல் இல்லாவிட்டால் கொடுக்க வேண்டும். விடியுமுன்னே ஓலை சுமக்கப் போய் மத்தியானம் அரைத் தூக்கத்தில் வீடு திரும்புகிற பொம்பளைக்கு அதைவிட நல்ல ஞாபகம் கிடையாது.

ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வந்தவள், ஏதோ தோன்றி, டப்பா மேல் ஒரு கல்லை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். வெளியே தூறல். காற்றே ஈரமாக இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கல் முதலில் வியர்த்தது, பிறகு விளிம்பு மழுங்கியது, உச்சிப்பொழுது வரும்போது டப்பா மூடியில் ஒரு சொட்டுத் தண்ணீர்தான் இருந்தது, கூரை ஒழுகிய சொட்டு மாதிரியே இருந்தது. பிறந்ததிலிருந்து உப்போடு கிடப்பவளுக்கு உப்பு கரையும் என்பது அதுவரை நினைவுக்கு வரவில்லை. அவள் அந்தச் சொட்டையே பார்த்தபடி இருந்தாள், அழக்கூட இல்லை.

அதற்குள் ரத்தப் பரிசோதனை வந்துவிட்டது. உடம்பு தாங்கக்கூடிய அளவைப் போலப் பல மடங்கு மருந்து என்றது. கண் தண்ணீரின் முடிவு மட்டும் வரவில்லை, ஏனென்றால் கண் தண்ணீர் போய்ச் சேரவே இல்லை. சீல் வைத்த பெட்டியோடு நகரத்துச் சோதனைச்சாலைக்குப் புறப்பட்ட ஏட்டையா மடியில் வெயிலை வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருக்க, பக்கத்து சீட்டில் இருந்த உப்பளத்துக்காரி ஒருத்தி, "என்னய்யா, கண்ணு எரிச்சல் நின்னுபோச்சு" என்றாள். உப்பளத்தில் வெயில் மேலேயிருந்தும் அடிக்கும், உப்பில் பட்டுக் கீழேயிருந்தும் அடிக்கும். அங்கே வேலை செய்கிறவர்களின் கண் நாற்பது வயசுக்குள் மிளகாய் அரைத்துத் தடவியது போலாகிவிடும். அந்தப் பஸ்ஸில் பாதிப் பேர் அப்படிப்பட்ட கண்ணுள்ளவர்கள். ஆளாளுக்கு வந்து பெட்டியின் இடுக்குக்கு நேரே முகத்தைக் காட்ட, ஏட்டையா இறங்க வேண்டிய இடம் தாண்டிப்போய், டிரைவரும் கண்ணைக் காட்டிவிட்டு, கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து அவரைத் திரும்புகிற பஸ்ஸில் மரியாதையாக ஏற்றிவிட்டார்கள். "நானும் கொஞ்சம் பாத்தேன், டாக்டர். மூக்குக்கண்ணாடி இல்லாம தினத்தாள் படிக்க முடியுது" என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றார் அவர்.

டாக்டர் ஹபீபா குப்பியைப் பிணவறை ஜன்னலில் வைத்தார். அதன் பிறகு வெள்ளைத்தேரி பழையபடி இல்லை. பிணவறைப் பக்கம் போனால் குளித்துவிட்டு வீட்டுக்குள் வந்த ஜனங்கள் குளித்துவிட்டுப் பிணவறைக்கு வந்தார்கள். வேலை விட்டு வருகிறவர்கள் ஜன்னலுக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்து அந்த வெயிலில் கண்ணை நனைத்துக்கொண்டு போனார்கள்; ஊசியில் நூல் கோக்க முடியாமல் தொழிலை விட்டிருந்த தையல்காரர் மிஷினை அங்கேயே தூக்கிக்கொண்டு வந்தார்; அந்த வெளிச்சத்தில் எல்லா முகமும் லட்சணமாகத் தெரிந்ததால் பெண் பார்க்கும் சடங்கைக்கூட அங்கே வைத்துக்கொண்டார்கள், மூன்று கல்யாணம் நிச்சயமாயிற்று. கோயில்காரர்கள் குப்பியைக் கோயிலுக்குக் கேட்டார்கள், சர்ச்சுக்காரர்கள் சர்ச்சுக்குக் கேட்டார்கள், ஒரு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தார்கள். எப்படியும் எல்லோரும் ஒருநாள் வந்தாக வேண்டிய இடம் பிணவறைதானே, அங்கேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. கறுப்புக் கண்ணாடி விற்கிறவர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். தவசியண்ணன் வெயில் என்று அதற்குப் பேர் நிலைத்துவிட்டது.

செல்லக்கனி கூட்டம் கலைந்த பிறகுதான் வருவாள். ஜன்னலுக்கு அருகில் போகமாட்டாள், வெயில் வந்து விழுகிற கடைசி விளிம்பில் நின்று உள்ளங்கையை நீட்டுவாள். கை மஞ்சளாகும். சூடாகவும் இருக்கும், படுத்திருந்த மனுஷன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போன்ற சூடு.

ஒருநாள் டாக்டர் அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். "செல்லக்கனி, உங்க வீட்டுக்காரர் சாப்பிட்ட மருந்து ரத்தத்துல கொஞ்சந்தான் இருக்கும். மிச்சமெல்லாம் இருதயத்துச் சதையில போய் ஒதுங்கியிருக்கும். உயிர் போனதும் சதை பிடியை விட்டுடும், ஒதுங்கியிருந்தது திரும்ப ரத்தத்துக்குள்ள கசியும். அப்புறம் எடுத்துப் பார்த்தா அளவு கூடத்தான் காட்டும். ஆள் செத்த பிறகும் ரத்தம் பேசிக்கிட்டே இருக்கும், இல்லாததையும் சேர்த்துப் பேசும்."

"கண்ணு?"

"கண்ணு பூட்டின அறை மாதிரி. வெளியில நடக்குற கலவரம் அதுக்குள்ள சீக்கிரமா போகாது. உயிர் போறப்ப எவ்வளவு மருந்து இருந்துச்சோ, கிட்டத்தட்ட அந்த அளவோட அது நின்னுடும். அது பொய்யே சொல்லாதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். இருக்கிறதுல கம்மியா பொய் சொல்றது அதுதான்."

"அப்ப அதைப் பாத்துச் சொல்லுங்களேன், டாக்டரம்மா."

"பார்க்கணும்னா முழுசையும் செலவழிக்கணும். கொஞ்சூண்டுதான் இருக்கு. ரெண்டாவது கண்ணும் கிடையாது." டாக்டர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "அந்த வெயில் திரும்ப வராது."

செல்லக்கனி முந்தானையைப் பிசைந்துகொண்டே உப்புக்கல் கதையைச் சொன்னாள், மூடியிலிருந்த சொட்டைச் சொன்னாள், அந்த மழை வாரம் பூராவும் தான் தினம் இரண்டு கொடுத்திருந்ததைச் சொன்னாள். அதுவரை வேறு யாரிடமும் அவள் அதைச் சொல்லியிருக்கவில்லை.

"அவர் சொல்லலையா, 'காலையிலயே குடுத்துட்டே'ன்னு?"

"அவிய சொல்லமாட்டாவ, டாக்டரம்மா. கொழம்புல உப்பு கூடிப்போனாக்க, என் நாக்கு சரியில்லம்பாவ. சோறு கொழைஞ்சா, பல்லு வலிக்கி நல்லதா இருக்கும்பாவ. நான் செஞ்ச எதையும் தப்புன்னு சொன்னதில்ல. நான் குடுத்தது வெஷம்னு தெரிஞ்சாலும் சரின்னு முழுங்கியிருப்பாவ. அதான் என் பயம்."

டாக்டர் ஹபீபா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

செல்லக்கனி கேட்டபடி குப்பியைச் சோதனைக்கு அனுப்பப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ஊர் திரண்டுவிட்டது. ஓலை சுமந்த தலையோடு ஆட்கள் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தார்கள். தையல்காரர் செல்லக்கனியின் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டார். எல்லோருக்கும் முன்னே லிங்கதுரை நின்றான். அந்த வெயிலுக்கு எதிரே தினமும் உட்கார்ந்து உட்கார்ந்து அவனுடைய கோபம் கரைந்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

"மதினி, நான் எழுதிக் குடுத்ததை வாபஸ் வாங்கிருதேன். நான் பாத்தது தப்பா இருக்கும்னு சொல்லிருதேன். ஒங்களை ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசமாட்டாவ. அண்ணனை மட்டும் அனுப்பிராதீங்க. ஊருக்கே கண்ணு குளுந்து கிடக்கு."

"நீ பாத்தது தப்பில்ல, தம்பி" என்றாள் செல்லக்கனி. "ரெண்டு நேரமும் குடுத்தேன். டப்பா மேல வச்ச கல்லு உப்பு கரைஞ்சு என் மதியைக் கெடுத்துட்டு. உங்க அண்ணன் எனக்காக அதை முழுங்கினாவளா, இல்ல விதி முடிஞ்சு போனாவளா, எனக்குத் தெரியணும். தெரியாம நான் எப்படி அந்த வெயில்ல ஒக்காருவேன்? ஊருக்குக் குளுமையா இருக்கு, சரி. எனக்கு அது கையைச் சுடுது."

"கொன்னுட்டன்னு வந்துட்டா, மதினி?" என்று லிங்கதுரை மெல்லக் கேட்டான்.

"வரட்டும். அதைச் சொல்லுறதுக்கு இந்த உலகத்துல அவிய கண்ணைத் தவிர வேற யாருக்கு உரிமை இருக்கு?"

கறுப்புக் கண்ணாடிக்காரர்கூட மூக்கை உறிஞ்சினார். செல்லக்கனியே உள்ளே போய்க் குப்பியை எடுத்து, புருஷனுடைய தலைத்துண்டில் சுற்றி, ஜீப்பில் உட்கார்ந்திருந்த டாக்டரின் மடியில் வைத்தாள். ஜீப் தேரி மணல் மேட்டைத் தாண்டும்வரை பின்னால் ஒரு மஞ்சள் நிழல் ஓடியது.

மறுநாள் அவள் வேலைக்குப் போனாள். வேறு எங்கே போவாள். உச்சி வெயில், உப்பு கண்ணைக் குத்துகிறது, ஆட்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓலை பரப்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில், அங்கே நகரத்தில் யாரோ ஒருவர் குப்பியின் மூடியைத் திறந்திருக்க வேண்டும், இங்கே வெள்ளைத்தேரியில் சாயங்காலம் வந்தது. மேகம் மறைக்கவில்லை, சூரியன் நகரவில்லை, ஆனாலும் உச்சந்தலையில் நின்ற வெயில் சத்தமில்லாமல் சாய்ந்தது, ஆட்களின் நிழல் கிழக்கே நீண்டது, கொக்குகள் கூட்டுக்குப் புறப்பட்டன, பாத்தியெல்லாம் மஞ்சளாயிற்று, உப்பு அம்பாரமெல்லாம் மஞ்சளாயிற்று, ஓலையும் மண்வெட்டியும் வேலியில் காய்ந்த கந்தலும் மஞ்சளாயின, இரண்டு கண்ணிருந்தவர்களும் ஒற்றைக் கண்ணால் பார்ப்பது போல அவ்வளவு பேருக்கும் தூரம் என்ற ஒன்று இல்லாமல் போயிற்று: கடல் கை தொடும் பக்கத்தில் வந்து நின்றது, அடுத்த அளத்தில் நின்றவனின் தோள் இந்த அளத்துக்காரனின் தோளோடு ஒட்டியிருந்தது, பேச்சு வார்த்தை இல்லாத பங்காளிகள் கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல இருந்தார்கள், சிலர் நீட்டவும் செய்தார்கள். மண்டியிட்டவர்கள் மண்டியிட்டார்கள், மற்றவர்கள் தலைச்சுமையை இறக்கிவைத்துவிட்டு நின்றார்கள். இப்படித்தான் இத்தனை வருஷமும் அந்த மனுஷன் உலகத்தைப் பார்த்தானா, எல்லாம் இவ்வளவு பக்கத்திலா என்று செல்லக்கனிக்கு மயிர்க்கூச்செறிந்தது. தன் வீட்டு வாசல் அவ்வளவு தூரத்திலிருந்து அவள் முகத்துக்கு நேரே தெரிந்தது, அவன் கட்டிலிலிருந்து அவள் வருவதைப் பார்த்துக்கொண்டே கிடந்த அதே வாசல். அவள் கையை நீட்டினாள். பிறகு வெயில் நிமிர்ந்து உச்சிக்கு வந்துவிட்டது, எல்லாம் அதனதன் தூரத்துக்குப் போயின, கண்கள் மறுபடி எரியத் தொடங்கின.

முடிவு வந்தது. உயிர் போன நேரத்தில் தவசிமுத்துவின் உடம்பில் இருந்தது நாளுக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறவனுக்கு இருக்க வேண்டிய அளவுதான். ரத்தம் காட்டிய மிச்சமெல்லாம் செத்த பிறகு சேர்ந்தது. இருதயம் ஓய்ந்துபோய்த் தானாக நின்றிருக்கிறது. டாக்டர் ஹபீபா இதைச் சொல்ல வீட்டுக்கே வந்தார், சொல்லிவிட்டு அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லிங்கதுரை மதினியின் காலில் விழப்போய், அவள் தடுத்து, இருவருமாக அழுதார்கள்.

ஆனால் கணக்கு இடித்தது. அவள் இரண்டு கொடுத்தது நிஜம், லிங்கதுரை பார்த்தது நிஜம், கண்ணோ ஒன்று என்கிறது. ஊரில் இதற்கு ஆயிரம் விளக்கம் சொன்னார்கள். வெயில் செரித்துவிட்டது என்றார்கள், சாமி வாங்கிக்கொண்டது என்றார்கள். செல்லக்கனிக்கு எதுவும் மனசில் ஒட்டவில்லை.

கேஸ் முடிந்ததால் பிணவறையில் பிரித்துப் பார்க்காமலே சீல் வைத்திருந்த தவசிமுத்துவின் துணி மூட்டையை ஏட்டையா கொண்டுவந்து கொடுத்தார். வேட்டி, சட்டை, பச்சை பெல்ட். எழுந்து நடக்க முடியாத நாளிலும் அவன் அந்தப் பெல்ட்டைக் கழற்றியதில்லை. கடைசி வாரம் மத்தியான மாத்திரையை வாயில் போட்டதும் தண்ணீர் குடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான், கை பெல்ட்டின் பைக்குள் போகும். அவள் பிடித்துக்கொள்வாள். "பீடிதானே? டாக்டர் அவ்வளவு சொல்லியும் ஒளிச்சு வச்சிருக்கியளா? உங்களுக்கெல்லாம் சாவு பயமே கிடையாது" என்று ஏசுவாள். அவன் கையும் களவுமாகப் பிடிபட்டவன் மாதிரி ஒற்றைக் கண்ணைச் சிமிட்டிச் சிரிப்பான், இல்லையென்று ஒரு நாளும் சொன்னதில்லை. செத்த அன்றைக்கு மத்தியானமும் அப்படித்தான். அவள் அவனிடம் பேசிய கடைசிப் பேச்சு அந்த ஏச்சுத்தான்.

அவள் பெல்ட்டின் பொத்தானைத் திறந்து பையைத் தரையில் கவிழ்த்தாள். பீடி இல்லை, ஒரு துளி புகையிலைத் தூள்கூட இல்லை. நாக்கின் ஈரம் பட்டு விளிம்பு மழுங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, பார்த்தால் உப்புக்கட்டி என்றே நினைக்கத் தோன்றும்படி, அந்த வாரத்து மத்தியான மாத்திரைகள் அத்தனையும் விழுந்தன.

செல்லக்கனி அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். வெளியே மழை விட்டிருந்தது, வாசலில் மஞ்சள் வெயில் அடித்தது, எல்லோருக்கும் பொதுவான சாதாரண வெயில்தான். "நான் தப்பா குடுக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லுறதுக்கு அவியளுக்கு மனசு வரல" என்று அவள் லிங்கதுரையிடம் சொன்னாள். "அதுக்குப் பதிலா பீடிக் களவாணின்னு என் வாயால ஏச்சு வாங்கிக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே போயிட்டாவ."